தொங்கும் துணிப்பையில் மண்புழு உரம்: தைக்கப் போகிறேன், எங்கே சறுக்கும் என்று சொல்லுங்கள்

ஈரமண் | நாள் 1

எல்லாருக்கும் வணக்கம். பிளாஸ்டிக் தொட்டியில் மண்புழு வளர்த்து இரண்டு முறை கெடுத்தவன் நான். இரண்டு முறையும் கதை ஒன்றுதான். மேலே பார்த்தால் எல்லாம் நன்றாக இருக்கும். அடியில் தண்ணீர் தேங்கி, சேறாகி, சாக்கடை நாற்றம். உரம் எடுக்கலாம் என்று கவிழ்த்தால் புழு, அரைகுறைக் கழிவு, முட்டைக்கூடு எல்லாம் ஒன்றாகக் கலந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்ததுதான் மிச்சம்.

இந்த முறை துணிப்பை. மேலே வாய் திறந்திருக்கும், அடி சுருக்குப்பை மாதிரி நாடா போட்டு இழுத்துக் கட்டியிருக்கும். மேலே தீனி போடுவது, அடியில் முடிச்சை அவிழ்த்து உரம் எடுப்பது. துணி நாலு பக்கமும் மூச்சு விடும், தண்ணீர் தேங்காது. தரையில் இடமும் மிச்சம்.

என் திட்டம்: பழைய பருத்திப் படுக்கை விரிப்பை இரட்டையாக மடித்துத் தைப்பது. விட்டம் 40 செ.மீ., உயரம் 60 செ.மீ. துணி காயப்போடும் கம்பியில் தொங்கவிடுவது. தைப்பதற்கு முன் ஒரு முறை உங்களிடம் கேட்டுவிடலாம் என்று.

---

பழையபுழு | நாள் 1

முதல் சறுக்கல் திட்டத்தின் முதல் வரியிலேயே இருக்கிறது, தம்பி. பருத்தி என்பது செல்லுலோஸ். நீங்கள் உள்ளே போடப்போகும் அட்டையும் காகிதமும் அதே செல்லுலோஸ்தான். அட்டையை மக்கவைக்கும் நுண்ணுயிருக்கு, "இது தீனி, இது பாத்திரம்" என்று யார் சொல்வது? ஈரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பருத்தி சில மாதங்களில் இற்றுப்போகும். சணல் சாக்கும் அப்படியே. நான் ஒரு பழைய ஜீன்ஸ் காலை முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டவன். ஆரம்பத்தில் பிரமாதம். நாலாவது மாதம் முழங்கால் பக்கம் விரலால் குத்தினால் விரல் உள்ளே போயிற்று.

செயற்கை இழைத் துணி வேண்டும். செடி வளர்க்கும் குரோ பேக்குக்கு வருகிறதே, கம்பளி போலத் தொட்டால் சொரசொரப்பாக, நெய்யாத துணி, அது சரி. பாலியெஸ்டர் கான்வாஸும் ஆகும். ரப்பர் பூச்சுப் பூசிய துணி வேண்டாம். அதற்குப் பழைய பிளாஸ்டிக் தொட்டியே போதுமே. நிழல்வலையும் வேண்டாம். நூல் போன்ற குஞ்சுப் புழு அந்தக் கண் வழியாக நடந்தே போய்விடும்.

---

கணக்குப்பிள்ளை | நாள் 1

துணி இருக்கட்டும். எடையை யாரும் கேட்கவில்லையே.

40 செ.மீ. விட்டம், 60 செ.மீ. உயரம் என்றால் கொள்ளளவு சுமார் 75 லிட்டர். ஈரமான மண்புழு உரம் லிட்டருக்கு முக்கால் கிலோ வரை வரும். முழுக்க நிறைந்தால் 50 கிலோவுக்கு மேல். துணி காயப்போடும் கம்பியில் ஓர் ஆளைத் தொங்கவிடுவீர்களா?

கூரையில் கொக்கி போடுவதாக இருந்தால் கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் இறக்க வேண்டும். ஜிப்சம் பலகைக் கூரையில் மாட்டவே கூடாது. கொக்கி, கயிறு, வளையம் எதை வாங்கினாலும் பையின் முழு எடையைப் போல் குறைந்தது 3 மடங்கு தாங்கும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அடியில் உரத்தைச் சுரண்டும்போது பை ஆடும், கையால் இழுப்பீர்கள். அந்த இழுப்பெல்லாம் எடைக்கு மேல் சேர்த்தி.

என்னைக் கேட்டால் கூரையே வேண்டாம். நாலு கால் வைத்த ஒரு சட்டம் அடித்து அதில் மாட்டுங்கள். விழுந்தாலும் முழங்கால் உயரத்திலிருந்துதான் விழும்.

---

ஈரமண் | நாள் 2

50 கிலோவா! கையில் எழுதிப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. அப்படியானால் விட்டத்தை 30 செ.மீ. ஆக்கிவிடவா? 42 லிட்டர்தான். முக்கால் பங்கு நிரப்பினால் 24 கிலோவுக்குள் அடங்கும்.

---

பழையபுழு | நாள் 2

குறைக்க வேண்டியது உயரத்தை, அகலத்தை அல்ல.

நாம் வளர்ப்பது மேல்மட்டப் புழு. ஐசினியா ஃபெடிடா என்கிற சிவப்புப் புழுவும் சரி, யூட்ரிலஸ் யூஜினியே என்கிற ஆப்பிரிக்கப் புழுவும் சரி, இயற்கையில் இலைச்சருகுக்கு அடியில், மேலாக வாழ்கிறவை. ஆழமாக வளை தோண்டும் தோட்டத்துப் புழு வேறு ஜாதி, அதைப் பிடித்துப் பையில் போட்டால் நிலைக்காது. மேல்மட்டப் புழு பெரும்பாலும் மேல் 15, 20 செ.மீ.க்குள்தான் இருக்கும். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் அவை தின்று விட்டுப்போன உரம். ஆக, பை எவ்வளவு தீனி தாங்கும் என்பதை வாயின் பரப்புதான் சொல்லும். 30 செ.மீ. வட்டத்தைவிட 40 செ.மீ. வட்டத்துக்குப் பரப்பு கிட்டத்தட்ட 1.8 மடங்கு. கணக்குப்பிள்ளை சரிபார்த்துக்கொள்ளலாம்.

அகலம் குறைந்தால் இன்னொரு தொந்தரவும் உண்டு. துணிப்பையில் ஓரம் காயும். 30 செ.மீ. பையில் சுற்றிலும் 5 செ.மீ. காய்ந்தால் மிச்சம் புழுவுக்கு என்ன இருக்கிறது?

---

கணக்குப்பிள்ளை | நாள் 2

சரிபார்த்தாயிற்று. 1.78.

40 விட்டத்தை வைத்துக்கொண்டு நிரப்பும் உயரத்தை 35 செ.மீ.யோடு நிறுத்தினால் 44 லிட்டர், சுமார் 33 கிலோ. சட்டம் தாங்கும்.

---

தொட்டியேபோதும் | நாள் 2

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடு எதற்கு? தொட்டியில் நாலு ஓட்டை கூடப் போட்டு, அட்டையைத் தாராளமாகக் கலந்து, தண்ணீரே ஊற்றாமல் இருந்தால் சேறு ஆகாது. காய்கறித் தோலில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். ஈரமண் தம்பி தோற்றது தொட்டியால் இல்லை, தண்ணீர்க் கையால். அதே கை பையிலும் தண்ணீர் ஊற்றத்தானே போகிறது.

---

ஈரமண் | நாள் 3

சுருக்கென்றுதான் இருந்தது, ஆனால் நியாயம். ஊற்றினேன்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் உரம் எடுக்கும் தொல்லைக்குத் தொட்டியில் வழி இல்லையே அண்ணா. பையை எடுத்த காரணத்தில் பாதி அதுதான்.

---

பழையபுழு | நாள் 3

இரண்டு பேர் சொல்வதும் சரி. மேலே போட்டு அடியில் எடுக்கும் இந்த ஏற்பாடு வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை. 1980களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டட் ஆய்வு நிலையத்தில் கிளைவ் எட்வர்ட்ஸும் கூட்டாளிகளும் மண்புழு உரத்தைப் பெரிய அளவில் ஆராய்ந்த காலத்தில் வளர்ந்தது. காலில் நிற்கும் நீளமான பெட்டி, அடியில் கம்பி வலை, வலைக்கு மேல் ஒரு கம்பி நகர்ந்து அடி உரத்தைச் சுரண்டி விழவைக்கும். துணிப்பை அதற்குத் தம்பி. உங்கள் கைதான் அந்தக் கம்பி.

---

நூல்கண்டு | நாள் 4

தம்பி, நான் புழு வளர்ப்பவள் இல்லை, தையல்காரி. தலைப்பில் "தைக்கப் போகிறேன்" என்று பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். நாலு நாளாக நூலைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை!

துணி செயற்கை என்றால் நூலும் செயற்கையாக இருக்கணும். பாலியெஸ்டர் அல்லது நைலான், கனமான நூல். வீட்டில் கிடக்கிற பருத்தி நூல்கண்டைத் தொடாதீர்கள். ஊசி 16ஆம் நம்பர். தையல் பொடியாக விழக்கூடாது. நெய்யாத துணியில் பொடித் தையல் போட்டால் தபால்தலை ஓரம் மாதிரி வரிசையாக ஓட்டை விழுந்து, அந்தக் கோட்டிலேயே கிழியும். ஒரு தையல் 3 முதல் 3.5 மி.மீ. இருக்கட்டும். பக்கத் தையலை மடித்து இரண்டு ஓட்டம் ஓட்டுங்கள்.

முக்கியமானது பட்டை. பையின் வாயில் நாலு காது தைத்து அதில் கயிறு கட்டினால் மொத்த எடையும் அந்த நாலு தையலில். அப்படி வேண்டாம். பட்டை ஒரு பக்க வாயிலிருந்து இறங்கி, பக்கவாட்டில் ஓடி, அடியைத் தாங்கி, எதிர்ப்பக்கம் ஏறணும். தூளி கட்டினால் துணி குழந்தையை அடியிலிருந்து ஏந்துகிறதா இல்லையா, அதே கணக்கு. இரண்டு பட்டை, நடுவில் சுருக்குவாய்க்கு இடம் விட்டுக் கொஞ்சம் விலகி ஓடட்டும். பட்டையைத் துணியோடு சேர்க்கும் இடத்தில் சதுரம் தைத்து அதற்குள் பெருக்கல் குறி.

வாய் தொய்ந்து மூடிக்கொள்ளும். விளிம்பை மடித்து அதற்குள் வளைத்த பிளாஸ்டிக் குழாயைச் செருகிவிட்டால் வட்டமாக நிற்கும். அடிவாய்க்கு ஜிப் வைக்காதீர்கள். உரத்துகள் பல்லில் ஏறினால் நகராது. நாடாதான்.

---

ஈரமண் | நாள் 4

அக்கா, இதை அப்படியே எழுதித் தையல் மெஷின் மேல் ஒட்டிவிட்டேன்.

---

ஈரமண் | நாள் 16

தைத்தாயிற்று. சட்டமும் அடித்தாயிற்று. 5 கிலோ அரிசி மூட்டை ஏழு வைத்து ஒரு இரவு தொங்கவிட்டுப் பார்த்தேன், ஒரு தையல்கூட இளகவில்லை.

நிரப்பிய விதம்: அடிவாயை இறுக்கிக் கட்டி, மேலே செய்தித்தாளை நாலைந்து மடிப்பாக வைத்து, அதற்கு மேல் ஒரு வட்ட அட்டை. அதன்மேல் கிழித்த அட்டைப்பெட்டியும் ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் நார்க்கழிவும் கலந்து 20 செ.மீ. கைப்பிடி எடுத்து இறுக்கினால் ஒன்றிரண்டு சொட்டு விழுகிற ஈரம். தண்ணீரை முந்தின நாளே பிடித்து வைத்துவிட்டேன், குளோரின் போகட்டும் என்று. ஒரு பிடி மக்கிய உரம், இரண்டு பிடி பொடித்த முட்டை ஓடு. ஒரு வாரம் அப்படியே விட்டு, நேற்று மாலை அரை கிலோ சிவப்புப் புழு விட்டேன்.

இன்று காலை பார்த்தால் முப்பது நாற்பது புழு விளிம்புக் குழாயைச் சுற்றி ஊர்வலம். ஏழெட்டு தரையில் காய்ந்து சுருண்டு கிடக்கிறது. என்ன தப்பு செய்தேன்?

---

மொட்டைமாடி | நாள் 16

புது வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி யாருக்குத் தூக்கம் வரும் அண்ணே. மேலே ஒரு சின்ன பல்பைப் போட்டு விடுங்க. புழுவுக்கு வெளிச்சம் ஆகாது, உள்ளேயே பதுங்கிடும். மூணு நாலு ராத்திரி போதும். தீனியும் இப்போ போடாதீங்க, முதல் வாரம் ஒரு பிடிக்கு மேல வேண்டவே வேண்டாம்.

---

ஈரமண் | நாள் 20

பல்பு போட்டேன். குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. ஒரு நாள் ஒன்றும் இல்லை, மறுநாள் இருபது வெளியே. ஈரம் சரி, வாடை இல்லை, தொட்டுப் பார்த்தால் சூடும் இல்லை.

---

பழையபுழு | நாள் 20

ஒரு கேள்வி. சட்டம் எதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது?

---

ஈரமண் | நாள் 20

சுவரோரம். பக்கத்தில் வாஷிங் மெஷின். ஆமாம், ஒரு கால் அதை ஒட்டித்தான்... ஐயோ. துணி துவைப்பது ஒருநாள் விட்டு ஒருநாள்.

---

பழையபுழு | நாள் 20

அதேதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் முதலில் அதை நகர்த்துங்கள். புழுவுக்குக் காது கிடையாது, அதிர்வு மட்டும் உடம்பெல்லாம் தெரியும். டார்வின் இதை வீட்டுக்குள்ளேயே சோதித்து 1881இல் எழுதினார். புழுத் தொட்டிக்குப் பக்கத்தில் விசில் ஊதினார், பியானோ வாசித்தார், ஒன்றும் அசையவில்லை. அதே தொட்டியைப் பியானோவின் மேல் தூக்கி வைத்து ஒரு கட்டையை அழுத்தியதும் புழு சட்டென்று வளைக்குள் போய்விட்டது. தொங்கும் பை தரையில் வைத்த தொட்டியைவிட எளிதாக ஆடும். நீங்கள் அதைப் பியானோ மேலேயே வைத்திருக்கிறீர்கள்.

---

ஈரமண் | நாள் 27

சட்டத்தை எதிர்ச்சுவருக்கு மாற்றி ஒரு வாரம். வெளியே வந்தது மொத்தம் இரண்டே இரண்டு. பல்பை அணைத்துவிட்டேன்.

---

பூச்சிப்பிரியை | நாள் 28

இந்த உரையாடலைப் பார்த்து நானும் ஒரு பை தைத்துவிட்டேன். என்னிடம் இருப்பது பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ், நீலப்புழு என்பார்களே. ஓடிப்போவதில் பேர் போனது இது. வானம் இருட்டினாலே கிளம்பிவிடுகிறது. வாயை வலைத்துணியால் மூடி எலாஸ்டிக் போட்டுவிட்டேன். புதிதாக ஆரம்பிப்பவர்கள் சிவப்புப் புழுவோடு நில்லுங்கள். குளிர் இடம் என்றால் ஆப்பிரிக்கப் புழு வேண்டாம், அது தாங்காது. சிவப்புப் புழுவுக்கு 15 முதல் 25 டிகிரி சொகுசு. 35ஐத் தாண்டினால் எந்த நிழலும் காப்பாற்றாது.

---

ஈரமண் | நாள் 41

புது வில்லங்கம். நடுவில் கையை விட்டால் ஈரம், கறுப்பு, நல்ல மண் வாசனை. ஓரத்தில் துணியை ஒட்டி மூன்று விரல் அகலத்துக்கு எல்லாம் மொறமொறவென்று காய்ந்து கிடக்கிறது. அட்டைத் துண்டு போட்டது போட்டபடி. தண்ணீர் தெளித்தால் ஓரத்தில் ஊறாமல் துணிவழி ஒழுகி அடியில் சொட்டுகிறது. தொட்டியில் சேறு, பையில் பாலைவனம். எனக்கென்று வந்து வாய்க்கிறது.

---

பழையபுழு | நாள் 41

துணிப்பையின் குணமே அதுதான். நீங்கள் விரும்பி வாங்கிய காற்றோட்டத்துக்கு வாடகை. பைக்கு நேரே மின்விசிறி ஓடுகிறதா பாருங்கள், ஓடினால் திருப்புங்கள்.

காய்ந்துபோன நார்க்கழிவு தண்ணீரைச் சட்டென்று வாங்காது, மேலாகவே ஓடவிடும். குவளையால் ஊற்றினால் ஒழுகத்தான் செய்யும். தெளிப்பானில் பொடியாக, காலை கொஞ்சம் மாலை கொஞ்சம், உள்பக்க ஓரத்தில் மட்டும் நாலு நாள் தெளியுங்கள். நடுவில் ஒரு சொட்டும் வேண்டாம்.

அடுத்த முறை தீனி போடும்போது ஓரத்துக் காய்ந்ததை நடுவுக்கும் நடு ஈரத்தை ஓரத்துக்கும் தள்ளுங்கள், மேல் ஒரு சாண் மட்டும். கீழே கிளறக்கூடாது, உரமும் புழுவும் கலந்துவிட்டால் பை எடுத்த பலனே போயிற்று.

---

பூச்சிப்பிரியை | நாள் 42

நான் ஓரத்தில் நனைத்த அட்டையைச் சுவர்போல நிறுத்தி வைக்கிறேன், நெளிநெளியான அட்டை. துணி காய்ந்தாலும் அட்டை ஈரம் பிடித்துக்கொள்கிறது. புழுவுக்கும் அந்த நெளிக்குள் போய்ப் படுப்பதில் ஒரு தனிப் பிரியம். ஒரு அட்டையைப் பிரித்தால் வரிசையாக, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒன்று என்று, பென்சில் பெட்டியில் பென்சில் அடுக்கிய மாதிரி கிடந்தன. முட்டைக்கூடும் அதற்குள்தான் நிறைய. எலுமிச்சை வடிவத்தில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. புதிது வெளிர்மஞ்சள், பொரிக்கிற சமயத்தில் செம்பழுப்பு.

---

தொட்டியேபோதும் | நாள் 42

தொட்டியில் ஓரம் காயாது. சும்மா சொல்லி வைத்தேன்.

---

ஈரமண் | நாள் 58

ஓரம் சரியாகிவிட்டது. அட்டைச் சுவர்தான் கைகொடுத்தது, நன்றி.

அடுத்து விருந்தாளிகள். பழ ஈ மொய்க்கிறது. கயிறு வழியாக எறும்பு இறங்கி வருகிறது. மேலே பழத்தோலை விலக்கினால் வெள்ளை நூல் போலப் பொடிப்பொடியாகப் புழு, நூற்றுக்கணக்கில். குஞ்சு பொரித்துவிட்டது என்று சந்தோஷப்படலாமா?

---

பழையபுழு | நாள் 58

சந்தோஷத்தை ஒத்திப் போடுங்கள். சிவப்புப் புழுவின் குஞ்சில் லேசாகவாவது சிவப்பு ஓடும், நடுவில் ரத்தக்குழாய் கோடாகத் தெரியும். சுத்த வெள்ளையாக, 1 செ.மீ.க்கு உட்பட்டு, கொத்தாகத் தீனிமேல் மொய்த்தால் அது வெண்புழு, வேறு இனம். கெடுதல் செய்யாது. ஆனால் புளிப்பு ஏறிவிட்டது, தீனி அதிகமாகிவிட்டது என்று சொல்லிக் காட்டும். அதன் பேச்சைக் கேளுங்கள். பத்து நாள் தீனி நிறுத்தம், ஒரு பிடி முட்டை ஓட்டுத் தூள், கூடக் கொஞ்சம் அட்டை.

எவ்வளவு போடுகிறீர்கள்? "புழு தன் எடையில் பாதி தினமும் தின்னும்" என்று எங்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லாம் கூடி வந்த பையில் நடக்கலாம். புதுப்பையில் அதை நம்பி அரை கிலோ புழுவுக்குத் தினம் கால் கிலோ கொட்டினால் அழுகத்தான் செய்யும். போன தீனி கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகு அடுத்தது. அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

---

ஈரமண் | நாள் 58

தினம் கால் கிலோதான் போட்டேன்.

---

மொட்டைமாடி | நாள் 59

ஹாஹா, மாட்டினீங்க. பழ ஈக்கு என் வைத்தியம்: தோலை ஃப்ரீசர்ல ஒரு நாள் வச்சு எடுங்க, அதுல இருக்கிற ஈ முட்டை போயிடும். உறைஞ்சு இளகினா தோல் கூழாயிடும், புழுவுக்கும் சுலபம். போடும்போது குழி தோண்டிப் புதைச்சு, மேல நனைச்ச செய்தித்தாள் மூணு விரல் கனத்துக்கு. தோல் வெளியே தெரியவே கூடாது.

எறும்புக்கு: ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்துக்கு அடியில ஓட்டை போட்டு, கயிறை அதுவழியா விட்டு, ஓட்டையை சிலிக்கான் பசையால அடைச்சு, கிண்ணத்துல தண்ணி ஊத்துங்க. எறும்பு கயித்துல இறங்கி வந்து அகழியைப் பார்த்துட்டுத் திரும்பிடும். சட்டத்தோட நாலு காலுக்கும் தண்ணிக் கிண்ணம். அந்தக் காலத்து உறி ஞாபகம் வருது, அதையும் இப்படி எறும்புக்கும் பூனைக்கும் பயந்துதானே கட்டுனாங்க. எறும்பு வருதுன்னா மேல்பக்கம் காய்ஞ்சு கிடக்குன்னும் அர்த்தம், பார்த்துக்குங்க.

---

மொட்டைமாடி | நாள் 83

எல்லாருக்கும் ஒரு எச்சரிக்கை. சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம்.

நான் இந்தப் பேச்சு ஆரம்பிக்கிறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே ஒரு பை தச்சு மாட்டியிருந்தேன். துணி அருமையான துணி, நெய்யாதது, இன்னைக்கும் ஒரு கீறல் இல்லை. முந்தாநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு "தொப்"னு ஒரு சத்தம். பூனைன்னு நெனச்சுத் திரும்பிப் படுத்துட்டேன். காலைல கதவைத் திறந்தா பக்கத் தையல் மேலிருந்து கீழ் வரைக்கும் வாழைப்பழம் உரிச்ச மாதிரி விரிஞ்சு, முப்பது கிலோவும் தரையில. பை மட்டும் ஒண்ணும் தெரியாத மாதிரி காலியா ஆடிக்கிட்டு இருக்கு.

தையல் ஓரத்தைக் கையில எடுத்துப் பார்த்தேன். ஊசி போன ஓட்டையெல்லாம் வரிசையா இருக்கு, நூல்தான் இல்லை. அங்கங்க ஒரு சின்னத் துணுக்கு, இழுத்தா மாவா உதிருது. அது பருத்தி நூல். நூல்கண்டு அக்கா நாலாவது நாளே எழுதினதைப் படிச்சுட்டு, "நம்ம பை ரெண்டு மாசமா நிக்குதே"ன்னு தலையாட்டிட்டுப் போனவன் நான்.

---

நூல்கண்டு | நாள் 83

அடடா. திட்ட வாய் வரவில்லை. அந்தத் துணியைத் தூக்கிப் போடாதீர்கள், கழுவிக் காயவைத்து, பழைய ஓட்டைக் கோட்டுக்கு ஒரு விரல் உள்ளே தள்ளிப் புதுத் தையல் போடுங்கள். அதே கோட்டில் மறுபடி தைக்காதீர்கள். புழு பிழைத்ததா?

---

மொட்டைமாடி | நாள் 84

முக்கால்வாசி பிழைச்சது அக்கா. ஒரு தார்ப்பாய் விரிச்சு எல்லாத்தையும் வாரிக் கூம்பு கூம்பாக் குவிச்சேன், ஒவ்வொண்ணும் ஒரு தலைப்பாகை அளவு. மேல பிரகாசமா லைட். பத்து நிமிஷம் விட்டா வெளிச்சத்துக்குப் பயந்து புழு உள்ளே இறங்கிடும். மேல ஒரு பிடி, சுத்தி ஒரு பிடி உரத்தை வழிச்சு எடுக்கணும். மறுபடி பத்து நிமிஷம். இப்படி அஞ்சாறு சுத்து போனா கடைசில ஒவ்வொரு குவியல் அடியிலயும் புழு மட்டும் பந்தாச் சுருண்டு கிடக்கு, உள்ளங்கைல ஏந்தினா கனமா, குளிர்ச்சியா. மதியம் வரைக்கும் ஆச்சு. பழைய தொட்டியில விட்டிருக்கேன்.

---

தொட்டியேபோதும் | நாள் 84

நான் ஒன்றும் சொல்லவில்லை.

---

பூச்சிப்பிரியை | நாள் 112

எனக்கு மூன்று மாதம் ஆகப்போகிறது. அடியில் அமுக்கிப் பார்த்தால் கெட்டியாக இருக்கிறது. இப்போதே கொஞ்சம் எடுத்துவிடலாமா?

---

பழையபுழு | நாள் 112

பொறுங்கள். அடி உரம் தானே இறுகி, ஒரு அடைப்பு மாதிரி மேல் எடையைத் தாங்கிக்கொள்ளணும். அதற்கு முன் திறந்தால் அட்டையும் நார்க்கழிவும் புழுவும் சேர்ந்து இறங்கிவிடும். நிரப்பிய உயரம் 30 செ.மீ. தாண்டியதா? இல்லையென்றால் நாளைக் கணக்கிட்டுப் பயனில்லை. என் பையில் முதல் எடுப்பு ஐந்தாவது மாதம்.

---

பூச்சிப்பிரியை | நாள் 113

25தான். முடிச்சைத் தொடவில்லை.

---

ஈரமண் | நாள் 171

இன்று அவிழ்த்தேன்.

கீழே அகலமான தட்டு வைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு நாடாவை மெதுவாக இளக்கினேன். ஒன்றுமே விழவில்லை. முழுதாகத் திறந்தேன், அப்போதும் விழவில்லை. கீழிருந்து எட்டிப் பார்த்தால் செய்தித்தாள் கூரை போட்டதுபோல் மூடிக்கொண்டிருக்கிறது. ஓர் ஓரம் மட்டும் மக்கியிருக்கிறது, மற்றபடி காய்ந்த காகிதம். மாதக்கணக்காகப் புழு வந்து பார்க்காத இடம் போலும். அதைப் பிய்த்து இழுத்த பிறகும் உரம் அப்படியே நிற்கிறது. மண் கிளறும் சின்னக் கைமுள்ளால் குத்திச் சுரண்டியதும் கேக் உடைகிற மாதிரி துண்டு துண்டாக விழ ஆரம்பித்தது. கறுப்பு, காபித்தூள் போல மணி மணியாக. ஒரு சாண் எடுத்ததும் நிறுத்திக்கொண்டேன். எடை போட்டால் 6 கிலோ சொச்சம். நாற்றம் என்று மூக்கை வைத்துத் தேடினாலும் இல்லை.

அதில் புழு எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. தொட்டிக் காலத்தில் ஒரு கைப்பிடியிலேயே அதைவிட அதிகம் வரும். முட்டைக்கூடு மட்டும் நிறைய இருக்கிறது, அதை என்ன செய்வது?

---

பழையபுழு | நாள் 171

6 கிலோவையும் மூடாத பெட்டியில் ஈரம் காயாமல் மூன்று நாலு வாரம் வையுங்கள். சிவப்புப் புழுவின் கூடு ஏறக்குறைய மூன்று வாரத்தில் பொரிக்கும், ஒரு கூட்டிலிருந்து இரண்டு மூன்று குஞ்சு வரும். மேலே ஒரு முலாம்பழத் தோலைக் கவிழ்த்து வைத்தால் பொரித்ததெல்லாம் அதன் அடியில் வந்து கூடும். தோலோடு எடுத்துப் பையில் போடுங்கள். அதன்பிறகு சலித்துக்கொள்ளலாம். தொட்டிச் செடிக்குப் போடுவதாக இருந்தால் மண்ணில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

அடியில் சொட்டின தண்ணீர் ஏதாவது சேர்த்து வைத்திருந்தால் அதைச் செடிக்கு டானிக் என்று ஊற்றாதீர்கள். அது அரைகுறைக் கழிவிலிருந்து வடிந்தது. உரத்தை ஊறவைத்து எடுக்கும் சாறு வேறு.

---

நூல்கண்டு | நாள் 172

தையலைப் பார்த்தீர்களா, அதைச் சொல்லவே இல்லையே.

---

ஈரமண் | நாள் 172

பார்த்தேன் அக்கா, கையால் தடவியே பார்த்தேன். இளகவில்லை. பட்டைச் சதுரத்தில் நூல் கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். அடி நாடா மட்டும் பருத்தி நாடா, நேற்று அவிழ்க்கும்போது பாதியில் அறுந்துவிட்டது. அதை யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இப்போதைக்கு ஷூ லேஸ் போட்டுக் கட்டியிருக்கிறேன்.

---

நூல்கண்டு | நாள் 172

லேஸ் என்ன நூல்?

---

ஈரமண் | நாள் 172

நுனியைக் கொளுத்திப் பார்த்துவிட்டுத்தான் கட்டினேன். உருகி உருண்டையானது, செயற்கை இழைதான்.